ஐரின் வீட்டு இணைப்பு

"சார், கடவுள் எல்லா வீட்டையும் ஒரே நேரத்துல பார்த்துட்டே இருக்காருல்ல, அவருக்கு நெட் ஸ்லோ ஆகாதா?"

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி என்னிடம் இப்படிக் கேட்டாள். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆகாதும்மா. யாருக்கு எப்போ எவ்வளவு வேணும்னு அவருக்குத் தெரியும். பார்த்துப் பிரிச்சுக் குடுப்பார்" என்றேன். வாய்க்கு வந்த பதில்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பெங்களூரு அடுகோடியில் எங்கள் இன்டர்நெட் இணைப்பு போகும் சந்துகளில் அந்த வேலையைச் செய்வது நான்.

மமதா மேடம், நீங்கள் என்னைச் சாட்சியாக மட்டுமே கூப்பிட்டீர்கள். ஐரின் வீட்டில் அன்றைக்கு இணைப்பு சரியாக இருந்ததா, இல்லையா என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றீர்கள். ஒரு வரியில் எழுதினால் அது பொய்யாகிவிடும். கன்னடம் எனக்குப் பேச வரும், எழுதவும் ஓரளவு வரும். ஆனால் ஜெபம் செய்கிற மொழியில் எழுதினால்தான் எனக்கு மனம் தெளிவாக இருக்கும். உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் சிவசங்கரன் அவர்களுக்குத் தமிழ் படிக்க வரும் என்றார்கள். அவர் வாசித்துச் சொல்வார்.

முதலில் எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலாளி கிளிஃபர்ட் மேலே ஒரு பெரிய கம்பெனியிடம் மொத்தமாக வேகம் வாங்குகிறார். அதை நாங்கள் வீடு வீடாகப் பிரித்து விற்கிறோம். வாங்குவதைவிடப் பல மடங்கு விற்கிறோம். எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கிற தொழில் இது. ஆனால் சாயங்காலம் எல்லாரும் திறந்துவிடுவார்கள். அப்போது யாருக்காவது குறைத்தே ஆக வேண்டும். யாருக்கு என்று கிளிஃபர்டிடம் நான் ஒருமுறை கேட்டேன். "நீயே பாத்துக்கோ தியோ. எனக்குச் சத்தம் வரக் கூடாது, அவ்ளோதான்" என்றார். அன்றிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தியோடர் நியாயமான ஆள் என்று நான்கு பேரிடம் விசாரித்தாலே சொல்வார்கள்.

ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கு மட்டும் செய்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் பியாட்ரிஸ் டீச்சர் வந்து, "சார், எங்க பையன் கேம்லயே கிடக்கிறான், ஏதாச்சும் பண்ணுங்களேன்" என்று கண் கலங்கினார். அவர் வீட்டில் விளையாட்டுகள் மட்டும் தடுமாறும்படி செய்து கொடுத்தேன். பையன் தேறினான். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு பெரிய கேக் வந்தது. அந்தத் தாயின் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு, கேட்காதவர்களுக்கும் செய்யலாமே என்று தோன்றியது. எல்லாருக்கும் வாய் திறந்து கேட்கத் தெரியாது அல்லவா.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த வீடுகளில் சினிமா ஓடுவதை என் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உறுத்தலாக இருந்தது. நாற்பது நாளும் மாலை வேளையில் அந்த வீடுகளுக்குப் படம் மட்டும் ஓடாதபடி குறைத்தேன். ஒரு வகையில் அவர்களுக்காக நான் நோன்பு பிடித்துக் கொடுத்தேன். மழை, ரோடு தோண்டுகிறார்கள், வயரை எலி கடித்துவிட்டது என்று ரவி போய்ச் சொல்லிவிடுவான். ரவி எங்கள் லைன்மேன். நான் சொன்னதைச் சொல்வான், அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வருடம் சிலுவைப்பாதைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துப் பங்குத்தந்தையே ஆச்சரியப்பட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதைச் செய்தால் அதைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. லேத் பட்டறை பெருமாள்சாமி வெயிலில் ரவிக்கு ஏணி பிடிப்பார், மோர் கொடுப்பார். அவர் பணம் கட்டிய ப்ளானுக்கு மேலேயே அவருக்குக் கொடுத்தேன். "ஏய் கேபிள்" என்று ரவியைக் கூப்பிடும் வீட்டுக்குக் குறைத்தேன். புருஷன் பெண்டாட்டி சண்டை தெருவுக்கு வரும் வீட்டில் இராத்திரி சாப்பாட்டு வேளையில் நிறுத்தியே வைத்தேன், பேசிக்கொள்ளட்டும் என்று. யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் அது நன்றாக நடந்தது.

இனி ஐரினைப் பற்றி.

அவரும் எங்கள் பங்குதான். கணவர் ஷெர்வின் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஐரினுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் கேப் வந்து ஏற்றிக்கொண்டு போனால், இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும். மதியம் சின்னத்தாயி என்கிற அம்மா சாவி வைத்துத் திறந்து, ஷெர்வினுக்குக் கஞ்சி ஊட்டி, துடைத்துவிட்டு, அடுத்த வீட்டு வேலைக்குப் போவார். மீதி நேரமெல்லாம் ஷெர்வின் தனியாகத்தான் இருப்பார். அதற்காக ஐரின் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா வைத்து, ஆபீஸில் இருந்தபடியே போனில் பார்த்துக்கொண்டிருப்பார். அதை மாட்டிக் கொடுத்தது நான்தான். கட்டில் முழுவதும் தெரியும்படி நான் திருப்பி வைத்தபோது, ஷெர்வின் என்னைப் பார்த்து இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். நல்ல மனிதர்.

அந்த வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இல்லை. ஆகவே சாயங்காலம் குறைக்க வேண்டி வந்தால் முதலில் குறைவது அந்த வீடு. இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது. ஆனால் ஐரின் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்க்க எழுதினார். "சாயங்காலம் வேகத்தைக் குறைக்கிறீங்க. குறைங்க, பரவாயில்ல. ஆனா யாருக்கு, எப்போ, எவ்வளவுன்னு எழுதி ஆபீஸ் வாசல்ல ஒட்டுங்க. நாங்க அதுக்கேத்த மாதிரி ஏற்பாடு பண்ணிக்கிறோம்."

கிளிஃபர்ட் அதைப் படித்துவிட்டு, "ஒட்டினா கடையை மூட வேண்டியதுதான்" என்றார். எனக்கு வேறு வருத்தம். நல்லதை அட்டவணை போட்டு வாசலில் ஒட்டினால் அதற்கு என்ன மதிப்பு இருக்கிறது?

நான் பதில் எழுதவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவர் நேரில் வந்தார். ரவி இருந்தான், எங்கள் ஆபீஸ் மேல்மாடியில் பி.ஜி. ஹாஸ்டல் நடத்தும் முகேஷ் ரசீது வாங்க வந்திருந்தார்.

"சார், ஒரே கேள்வி. குறைக்கிறீங்களா, இல்லையா?"

"லோடு வந்தா தானா குறையும்மா."

"தானாவா? பக்கத்துல பியாட்ரிஸுக்குக் குறையல. மேல் வீட்டுக்குக் குறையல. எனக்கு மட்டும் அந்த லோடு விலாசம் கேட்டு வருதா?"

முகேஷ் சிரித்துவிட்டார்.

"கோபப்படாதீங்க ஐரின்மா. ஜெபம் பண்ணுங்க."

"நெட்டுக்கா? அதுக்கு எந்தப் புனிதர் சார்?" என்றார். அதோடு விடவில்லை. "ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்குப் பொய் சொல்றது பாவம்னு சொல்லித் தர்றீங்க. மத்த நாள்ல உங்களுக்கு மட்டும் லீவா?"

ரவியும் சிரித்தான். உடனே என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

நான் கோபப்படவில்லை, மேடம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன், குடிக்காமல் போய்விட்டார். தனியாகக் கஷ்டப்படுகிற பெண்ணுக்கு நாக்கில் கசப்பு ஏறிவிடும், அது அவருக்கே நல்லதல்ல என்று எண்ணிக்கொண்டேன். அன்று மதியம் அவர் இணைப்பில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். முதலாவது, சாயங்காலம் என்றில்லாமல் எல்லா நேரமும் குறைத்தேன். இரண்டாவது, வேகத்தை அளந்து காட்டும் தளங்களை மட்டும் முழு வேகத்தில் விட்டுவிட்டேன்.

சிவசங்கரன் அவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்த வீட்டில் உட்கார்ந்து யார் வேகத்தை அளந்தாலும் முள் துள்ளிக்கொண்டு கடைசி வரை போகும். அளப்பதை நிறுத்திவிட்டு வேறு எதைத் திறந்தாலும் நகராது. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. தான் சொல்வது மட்டுமே உண்மை என்ற எண்ணம் ஒருவருக்குக் கொஞ்சம் தளர்ந்தால் பணிவு வரும். பணிவு வந்த பிறகு எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவர் மறுபடி புகார் கொடுத்தார். ரவியை அனுப்பினேன். ரவி அக்கம்பக்கத்தாரைக் கூட வைத்துக்கொண்டு அளந்து, முழு வேகம் காட்டிய படத்தைக் குழுவில் போட்டான். "ஐரின் ஆன்ட்டி, ராக்கெட் விடப் போறீங்களா? இதுக்கு மேல என்ன வேணும்?" என்று முகேஷ் எழுதினார். "லைன் சரியா இருக்கு, ஆன்ட்டிக்குத்தான் சர்வீஸ் தேவை" என்று இன்னொருவர். ஒரே சிரிப்புப் படங்கள். ஐரின், "அளக்கும்போது மட்டும் வருது, அப்புறம் வர்றதில்ல, நீங்களே வந்து பாருங்க" என்று எழுதினார். அதற்கு இன்னும் சிரிப்பு. எனக்குத் தாங்கவில்லை. "யாரும் கிண்டல் செய்யாதீர்கள். சகோதரி மனக்கஷ்டத்தில் இருக்கிறார். அவருக்காக ஜெபிப்போம்" என்று நான் எழுதிய பிறகுதான் நிறுத்தினார்கள். நிறையப் பேர் எனக்குக் கைகூப்பி அனுப்பினார்கள்.

கொஞ்ச நாளில் பூசை முடிந்து கோயில் வாசலில் என்னிடம் வந்தார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. முதன்முறையாக என்னை அண்ணா என்றார்.

"அண்ணா, கம்பெனில வீட்ல இருந்து வேலை பார்க்க ஒரு வாரம் ட்ரையல் குடுத்திருக்காங்க. சரியா போச்சுன்னா நான் அவர் பக்கத்துலயே இருக்கலாம். அந்த ஒரு வாரம் மட்டும் லைன் நல்லா இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க அண்ணா."

"லைன் நல்லாத்தானே இருக்கு ஐரின்மா" என்றேன்.

அவர் "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என் ஆபீஸில் எல்லார் முன்னாலும் பேசியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நான் போய் எடுத்துவிட்டிருப்பேன். அதற்காகவே வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்த வாரம் அவர் பேசியது மறுமுனையில் விட்டு விட்டுக் கேட்டதாம். அவருடைய மேனேஜர் வித்யாலட்சுமி என்பவர், "நீங்களே அனுப்பின ரிப்போர்ட்ல வேகம் ஃபுல்லா இருக்கு, நீங்கதான் மீட்டிங்ல இல்ல" என்று சொல்லிவிட்டாராம். மறுபடியும் கேப்பில் போக ஆரம்பித்தார்.

இதில் என் மனசை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சுகமில்லாத கணவனுக்குப் பக்கத்தில் மனைவி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. போன் கண்ணாடி வழியாகப் பார்ப்பதெல்லாம் பார்ப்பதாகுமா? படம் வரவில்லை என்றால் மனசு கேட்காமல் அவரே வீட்டோடு இருந்துவிடுவார் என்று நம்பினேன். அந்த ஒரு வாரம் இருக்கவும் செய்தார். அது தொடராமல் போனது கம்பெனி எடுத்த முடிவு.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன்.

மதியம் சின்னத்தாயி வந்து போயிருக்கிறார். அதற்குப் பிறகு பிற்பகலில் ஐரின் ஆபீஸிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"சார், படம் அசையவே மாட்டேங்குது. தூங்கறாரா, இல்ல நெட் நின்னுடுச்சான்னு தெரியல."

"படம் தெரியுதில்ல?"

"தெரியுது. துண்டு, கை, எல்லாம் அப்படியே இருக்கு."

"அப்ப தூங்கறாரும்மா."

"ரொம்ப நேரமா அப்படியே இருக்கு அண்ணா. சின்னத்தாயி போன் எடுக்கல, பியாட்ரிஸ் டீச்சர் ஸ்கூல்ல இருப்பாங்க. ரவி இருந்தா ஒரு எட்டு அனுப்புங்க. உள்ள போக வேணாம், ஜன்னல்ல பார்த்துட்டு வந்தா போதும்."

"பார்க்கிறேன்மா" என்றேன்.

அவர் வீடு எங்கள் ஆபீஸுக்கு அடுத்த சந்து. ரவி எனக்கு எதிரே உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"யாரு சார்?"

"ஐரின்மா. அதே கம்ப்ளைண்ட்."

"பாவம் சார். போய்ட்டு வந்துடட்டா?"

"நீ சாப்பிடு" என்றேன்.

சாப்பிடுகிறவனை எழுப்பக் கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை உண்டு. காலையிலிருந்து கம்பம் கம்பமாக ஏறிக்கொண்டிருந்தான். அவன் சாப்பிட்டு முடித்த பிறகு வேறு ஒரு வீட்டுக்கு அனுப்பினேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஐரின் போனில் பார்த்துக்கொண்டிருந்தது சின்னத்தாயி கதவைப் பூட்டிய கையோடு வெளியே போன கடைசிப் படம். அதற்குப் பிறகு அந்தக் கேமராவிலிருந்து ஒரு படமும் வெளியே போகவில்லை. அது என் திரையில் தெரிந்தது. அவர் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதும் தெரிந்தது. "அப்ப தூங்கறாரும்மா" என்று சொல்லும்போது அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அவர் கணவர் அந்த நேரத்தில் இருந்தபடி அவருக்குத் தெரிந்திருப்பார். மறுபடி போன் செய்து, தழைந்து கேட்பார் என்று காத்திருந்தேன். போன் வரவில்லை. அவர் பர்மிஷன் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓசூர் ரோடு நெரிசலில் வந்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

ஷெர்வின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து, முகம் மெத்தை ஓரத்தில் அழுந்திக் கிடந்தார். ஒரு கை மட்டுமே வேலை செய்கிறவரால் எழுந்திருக்க முடிந்திருக்காது. மெதுவாகத்தான் நடந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஐரின் வந்து கதவைத் திறந்து அலறிய சத்தம் கேட்டு ஜனங்கள் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் உட்கார்ந்து, ஐரின் இணைப்பில் நான் வைத்திருந்த இரண்டு மாற்றங்களையும் எடுத்தேன். பிறகு இறங்கிப் போனேன். ஆகையால் மறுநாள் நீங்கள் வந்து அளந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

அடக்கத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளை நான்தான் முன்நின்று செய்தேன். கிளிஃபர்ட் வேன் கொடுத்தார். கல்லறையில் ஷெர்வினின் தங்கை ஜூலியா எல்லார் முன்னாலும் ஐரினைப் பிடித்துக்கொண்டார். "நெட்டு நல்லா இருக்குன்னு ரவி ஊருக்கே படம் போட்டுக் காட்டினான். நீ பார்க்கலைன்னு சொல்லு. எங்க அண்ணன் உனக்கு பாரமா இருந்தான்னு சொல்லு. நெட் மேல ஏண்டி பழி போடறே?"

ஐரின் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். சார் சொல்லட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் ஜூலியாவின் தோளைத் தொட்டு, "விடும்மா. மனுஷங்கதானே, எல்லாரும் தவறுவோம். மன்னிச்சிடு" என்றேன். ஜூலியா அழுதுகொண்டே ஒதுங்கிவிட்டார். அன்று நான் அங்கே இல்லாவிட்டால் ஐரின் மேல் கை வைத்திருப்பார்கள்.

பிறகுதான் ஜூலியா உங்களிடம் வந்து, கவனிக்காமல் விட்டுக் கொன்றுவிட்டார் என்று அண்ணி மேல் புகார் கொடுத்திருக்கிறார். ஐரின் சொல்லும் எதையும் யாரும் நம்புவதில்லை என்றும், இப்போது அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது, படத்தைப் பார்த்தோமா, பார்த்ததாக நினைத்தோமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் நீங்கள் சொன்னீர்கள். அவர் பார்த்தார், மேடம். அவர் சொன்னதெல்லாம் உண்மை, முதல் நாளிலிருந்து. அந்த வீட்டுக்கு வேகத்தைக் குறைத்தது நான். அளந்தால் தெரியாதபடி மறைத்தது நான். ஷெர்வின் உயிரோடு இருந்திருக்கக்கூடிய நேரத்தில், தூங்குகிறார் என்று சொல்லி, பார்க்கப் போக இருந்தவனையும் உட்கார வைத்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் காட்ட வேண்டாம். நீங்கள் தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

ஐரின் மறுபடி வேலைக்குப் போகிறார். கேமராவை அவர் கழற்றவில்லை. வேலை நேரத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அது திறக்கப்படுவது என் திரையில் தெரிகிறது. அங்கே இப்போது காலிக் கட்டில்தான் இருக்கிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்க்கிறார். எங்களிடம் இருக்கிற வேகத்திலேயே மிக அதிகமானதை அந்த வீட்டுக்குத் திறந்துவிட்டிருக்கிறேன். சாயங்காலம் மற்ற எல்லாருக்கும் குறைத்து, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். கிளிஃபர்டுக்குத் தெரியாது, ரவிக்குத் தெரியாது. படம் ஒரு நொடிகூட நிற்பதில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் பட்ட கடன் அதோடு தீர்ந்துவிட்டதாக என் மனச்சாட்சி சொல்கிறது.

இதை மட்டும் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள், மேடம். நன்றி சொல்ல வந்துவிடுவார், எனக்குக் கூச்சமாக இருக்கும்.